கொடி வளர்க்கலாம், குணம் அறிந்து

வீட்டு வாசலில் நான்கு அடி நிலம் இருக்கிறதா? அது போதும். ஒரு பூக்கொடி வளரும். நிலமே இல்லையா? ஒரு பழைய வாளி போதும். அதிலும் ஒரு கொடி வளரும்.

மரத்துக்கு நிறைய இடம் வேண்டும். கொடிக்குத் தரையில் ஒரு முழம் இடம் போதும். மீதி இடத்தை அது மேலே தேடிக்கொள்ளும். வேலியில் படரும். சுவரில் ஏறும். பந்தலில் பரவும்.

பூக்கொடி வீட்டுக்கு அழகு தரும். தலைக்குப் பூ தரும். நிழலும் தரும். மாலை வெயில் மேற்குச் சுவரில் அடிக்கும். சுவர் சுடும். இரவிலும் வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கும். மேற்குப் பக்கம் ஒரு பந்தல் போட்டுக் கொடி ஏற்றினால் வெயில் சுவரில் நேராக விழாது. வீட்டில் சூடு குறையும்.

ஆனால் எல்லாக் கொடியும் ஒன்று அல்ல. தலையில் வைக்கும் பூ தருகிற கொடி உண்டு. நிலத்துக்கு உரம் சேர்க்கிற கொடி உண்டு. அழகாகப் பூத்து, கிழங்கில் விஷம் வைத்திருக்கிற கொடியும் உண்டு. ஆகவே கொடியை நடுவதற்கு முன் அதன் பெயரையும் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொடி எப்படி ஏறுகிறது?

கொடிக்குத் தானாக நிற்கும் பலம் இல்லை. பற்றிக்கொள்ள ஒன்று வேண்டும். முல்லைக் கொடி பற்ற இடமில்லாமல் ஆடியதாம். பாரி வள்ளல் தன் தேரையே அதற்குக் கொடுத்தாராம். இந்தக் கதையைப் பலரும் கேட்டிருப்பார்கள். தேர் வேண்டாம். ஆனால் கொடிக்கு ஏற்ற கொழுகொம்பு வேண்டும்.

ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு விதமாக ஏறும்.

முல்லையும் சங்குப்பூவும் கொம்பைச் சுற்றிச் சுற்றி ஏறும். இவற்றுக்கு மெல்லிய குச்சியோ கயிறோ போதும்.

பாகல் கொடி பற்றுக்கம்பியால் பிடித்து ஏறும். பற்றுக்கம்பி என்பது சுருள் சுருளாக இருக்கும் மெல்லிய இழை. இதற்கு வலை போலக் கயிறு கட்ட வேண்டும்.

மனோரஞ்சிதம் கொக்கி போன்ற காம்பால் மாட்டிக்கொண்டு ஏறும். இதற்குப் பலமான கம்பம் வேண்டும்.

காகிதப்பூக் கொடிக்கு முள் உண்டு. முள்ளால் மாட்டி, மற்றச் செடிகளின் மேல் சாய்ந்து ஏறும். இதைக் கயிற்றால் கட்டிவிட வேண்டும்.

வெற்றிலையும் மிளகும் கணுவில் வேர் விட்டு ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்கு மரத்தின் தண்டு ஏற்றது.

கொடிக்குக் காய் பாரமா என்பார்கள். கொடிக்குப் பாரம் இல்லைதான். ஆனால் பந்தலுக்குப் பாரம் உண்டு. மழையில் நனைந்த கொடி இன்னும் கனக்கும். ஆகவே பந்தல் காலை ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்ற வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். மின்கம்பத்திலோ மின்கம்பியிலோ கொடியை ஏற்றக் கூடாது. அது தானாக அங்கே போனாலும் கையால் இழுக்கக் கூடாது. ஈரக் கொடி வழியாக மின்சாரம் பாயும். மின்வாரிய ஊழியரிடம் சொல்ல வேண்டும். அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டுவார்.

எந்தக் கொடியை நடலாம்?

முல்லை, மல்லிகை: இவற்றைப் பல வீடுகளில் வளர்க்கிறார்கள். முல்லை நன்றாகப் படரும். குண்டுமல்லி புதர் போல வளரும். வெயில் நன்றாகப் படும் இடத்தில்தான் நிறையப் பூக்கும். மதுரை மல்லிகைக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருள் எந்த ஊரால் பெயர் பெற்றதோ அந்த ஊருக்கு அரசு தரும் உரிமைதான் புவிசார் குறியீடு. கர்நாடகத்தில் மைசூர் மல்லிகைக்கும் உடுப்பி மல்லிகைக்கும் இந்த உரிமை உண்டு. உடுப்பிப் பக்கம் சங்கரபுரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வீட்டைச் சுற்றி மல்லிகை வளர்த்து, பூ விற்று வாழும் குடும்பங்கள் பல.

சங்குப்பூ: நீலமாகவும் வெள்ளையாகவும் பூக்கும். விதை போட்டே வளர்க்கலாம். விதையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து ஊன்ற வேண்டும். சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். இது அவரை இனம். இதன் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைச் செடிக்குக் கொடுக்கும். கொடி மடிந்தபின் அந்தச் சத்து மண்ணில் சேரும். வட இந்தியாவிலும் வங்காளத்திலும் இதை அபராஜிதா என்பார்கள்.

இரங்கூன் மல்லி: இது மாலையில் வெள்ளையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பாக மாறும். பிறகு நல்ல சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறம் தெரியும். வெள்ளைப் பூவின் மணத்துக்கு இரவில் விட்டில் பூச்சிகள் வரும். இந்தியில் இதை மதுமாலதி என்பார்கள். இது மிகப் பலமான கொடி. சிறு பந்தல் தாங்காது.

காகிதப்பூ: இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நிறமாகத் தெரிவது பூ அல்ல. அது ஒருவகை இலை. அந்த மூன்று வண்ண இலைகளுக்கு நடுவே இருக்கும் சிறிய வெள்ளைக் குழல்தான் பூ. இதற்குத் தண்ணீர் குறைவாகவே வேண்டும். தண்ணீர் அதிகமானால் இலைதான் வளரும். பூ குறையும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊருக்கு ஏற்ற கொடி.

நடும் முறை

முதலில் இடம். நாளுக்கு ஐந்து ஆறு மணி நேரம் வெயில் படவேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது.

நிலத்தில் நட்டால் ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்ட வேண்டும். குழியைச் சில நாள் வெயிலில் ஆற விட வேண்டும். பிறகு மேல்மண்ணையும் மக்கிய எருவையும் கலந்து நிரப்ப வேண்டும். பச்சைச் சாணத்தை அப்படியே போடக் கூடாது. அது மக்கும்போது சூடு உண்டாகும். வேர் கருகும்.

வாளியில் நட்டால் அடியில் நான்கு ஓட்டை போட வேண்டும். ஓட்டை மேல் ஓட்டுச் சில்லு வைக்க வேண்டும். மண் வெளியே போகாது. தண்ணீர் மட்டும் வடியும். 2 சட்டி செம்மண், 1 சட்டி மணல், 1 சட்டி மக்கிய எரு. இந்த அளவில் கலந்து நிரப்ப வேண்டும்.

நாற்று விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டில் முல்லை இருந்தால் பதியம் போடலாம்.

பதியம் போடுவது இப்படி:

1. தரைக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது பென்சில் கனம் இருக்க வேண்டும்.
2. ஒரு கணுவுக்கு அருகில் பட்டையைக் கொஞ்சம் சீவ வேண்டும். கிளையை முழுதாக வெட்டக் கூடாது.
3. சீவிய இடத்தை நான்கு விரல் ஆழத்தில் மண்ணில் புதைக்க வேண்டும். நுனி வெளியே இருக்க வேண்டும்.
4. கிளை மேலே எழும்பாமல் ஒரு கல்லை வைக்க வேண்டும்.
5. மண் காயாமல் தண்ணீர் விட வேண்டும்.
6. மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடிக்கும். பிறகு தாய்க்கொடியிலிருந்து வெட்டி எடுத்து நடலாம்.

காகிதப்பூவைக் குச்சி வெட்டி நடலாம். பென்சில் கனமுள்ள குச்சி வேண்டும். அதில் மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நட்டால் எளிதில் துளிர்க்கும்.

தண்ணீரும் உரமும்

அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் கொடிக்கு நல்லது. சோப்புத்தூள் கலந்த தண்ணீர் வேண்டாம். காலையிலோ மாலையிலோ தண்ணீர் விடலாம். மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

காய்கறித் தோல், காய்ந்த இலை, சாணம் இவற்றை ஒரு குழியில் போட்டு மூடினால் எருவாகும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு கொடிக்கும் இரண்டு கைப்பிடி எரு போதும்.

குண்டுமல்லிக்கு வருடம் ஒரு முறை கவாத்து வேண்டும். கவாத்து என்றால் கிளைகளை வெட்டி விடுவது. நவம்பர் மாதக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே வெட்ட வேண்டும். வெட்டினால் செடி போய்விடும் என்று பயப்பட வேண்டாம். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பூ நிறையும்.

பூச்சி வந்தால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய் கலக்கலாம். 5 மில்லி என்பது ஒரு தேக்கரண்டி. எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மிதக்கும். ஆகவே கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்க்க வேண்டும். மாலையில் இலையின் அடியிலும் படும்படி தெளிக்க வேண்டும்.

தட்டில் தண்ணீர், வீட்டில் காய்ச்சல்

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பார்கள். அதில் தண்ணீர் தேங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படித் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். அந்தக் கொசு பகலில் கடிக்கும்.

முட்டை கொசுவாக மாற சுமார் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் பல மாதம் சாகாமல் இருக்கும். நார் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும்.

மண்ணுக்குள் தூங்கும் கிழங்கு

ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மருமகளுக்குத் தவழும் குழந்தை ஒன்று. வேலி ஓரத்தில் முல்லை நட வேண்டும் என்று மருமகளுக்கு ஆசை. மழைக்கு முன்பே குழி தோண்டினாள். மண்ணுக்குள் ஒரு கிழங்கு தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் கிளை விட்டு, கலப்பை போல வளைந்து இருந்தது.

"அத்தை, இங்கே பாருங்க. வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கு. வேக வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "எங்கே எடுத்தே?"

"வேலி ஓரத்துல, அத்தை."

"போன கார்த்திகையில அங்கே ஒரு பூ பூத்துச்சே. சிவப்பும் மஞ்சளுமா, தீ எரியற மாதிரி. ஞாபகம் இருக்கா?"

"ஆமாம். ஆனா இப்ப அந்தக் கொடியைக் காணோமே."

"கொடி காய்ஞ்சு போச்சு. கிழங்கு மண்ணுக்குள்ள தூங்குது. மழை வந்தா மறுபடி முளைக்கும். இது கலப்பைக் கிழங்கும்மா. விஷம். கீழே போடு. குழந்தை எங்கே?"

குழந்தை மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் கையில் ஒரு கிழங்குத் துண்டு இருந்தது. வாய் ஓரத்தில் மண் ஒட்டியிருந்தது.

மருமகள் ஓடிப்போய்த் தூக்கினாள். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தாள். எதுவும் இல்லை. விழுங்கிவிட்டதா? கடிக்கவே இல்லையா? தெரியவில்லை. குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"நல்லாத்தானே இருக்கான், அத்தை. கொஞ்ச நேரம் பார்க்கலாமா?"

"பார்க்க வேண்டாம். இது உடனே காட்டாது. சில மணி நேரம் கழிச்சுத்தான் காட்டும். அப்போ நேரம் போயிருக்கும். வாயைத் துடை. கிளம்பு."

மாமியார் அந்தக் கிழங்கை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார். இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் கிழங்கைப் பார்த்தார். எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"கிழங்கைக் கொண்டுவந்தது ரொம்ப நல்லதுங்க, அம்மா. இல்லாவிட்டால் எது என்று தேடவே நேரம் ஆகியிருக்கும். குழந்தை இன்றைக்கு இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வீட்டுக்கு வந்தார்கள். அன்றே இருவரும் கையுறை போட்டுக்கொண்டு வேலி ஓரம் முழுவதும் தோண்டினார்கள். மீதியிருந்த கிழங்கை எல்லாம் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைத்தார்கள்.

"பூ அழகாத்தான் இருந்துச்சு" என்றாள் மருமகள்.

"அழகுதான். காட்டுல பூக்கட்டும். தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுல வேண்டாம்" என்றார் மாமியார்.

ஒரே கொடி, பல பெயர்

அந்தக் கொடியின் பெயர் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுதான். கார்த்திகை மாதம் பூப்பதால் கார்த்திகைப்பூ என்பார்கள். கிழங்கு கலப்பை போல இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பார்கள். கண்வலிக் கிழங்கு என்ற பெயரும் உண்டு. பெயரில் கண்வலி இருப்பதால் கண்ணுக்கு மருந்து என்று நினைக்கக் கூடாது.

செங்காந்தள் செடியில் கோல்ச்சிசின் என்ற விஷம் இருக்கிறது. விதையிலும் கிழங்கிலும் அதிகம். மருந்துத் தொழிற்சாலையில் இதைப் பிரித்து, அளந்து, வாத வகை நோய் ஒன்றுக்கு மருந்து செய்கிறார்கள். அதற்காகவே தமிழ்நாட்டில் சில ஊர்களில் விவசாயிகள் இதைப் பயிர் செய்து விதையை விற்கிறார்கள். அளந்து கொடுத்தால் மருந்து. அளவு தெரியாமல் தின்றால் உயிர் போகும்.

கவனம் வேண்டிய வேறு செடி கொடிகளும் உண்டு.

குன்றிமணிக் கொடி: சிவப்பு விதையில் கறுப்புப் புள்ளி இருக்கும். பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். விதையை மென்று விழுங்கினால் கடுமையான விஷம்.

அலமண்டா: மஞ்சள் மணி போலப் பூக்கும். இதன் பாலும் மற்றப் பாகங்களும் வயிற்றுக்கு ஆகாது.

அரளி, பொன்னரளி: இவை கொடி அல்ல. ஆனால் பல வீட்டு வாசலில் நிற்கும். எல்லாப் பாகமும் விஷம். பொன்னரளி விதை மிகவும் கொடியது.

மணி பிளாண்ட்: இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும். வீங்கும்.

யாராவது தின்றுவிட்டால்

1. வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, வாயைத் தண்ணீரால் கழுவுங்கள்.
2. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சாணிக் கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள்.
3. நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்.
4. தின்ற கிழங்கு, விதை அல்லது இலையை ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.
5. 108 எண்ணுக்கோ 112 எண்ணுக்கோ பேசுங்கள். அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலி தாண்டும் செடி

உண்ணிச்செடியைப் பலரும் பார்த்திருப்பார்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கொத்தாகப் பூக்கும். அது நம் நாட்டுச் செடி அல்ல. 1800-களின் தொடக்கத்தில் அழகுச் செடியாகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் பரப்பின. இன்று நாட்டின் பல காடுகளில் அது அடர்ந்து கிடக்கிறது. அதன் அடியில் புல் சரியாக முளைப்பதில்லை. மான்களுக்கும் மாடுகளுக்கும் மேய்ச்சல் குறைகிறது.

ஆகவே புதிய கொடி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதன் பெயர் என்ன? இதில் விஷம் உண்டா? இது வேலி தாண்டிப் பரவுமா? பதிலை ஒரு சிறு அட்டையில் எழுதித் தொட்டியில் கட்டி வையுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களும் படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

நினைவில் வையுங்கள்

கொடிக்கு ஏற்ற கொழுகொம்பு வையுங்கள்.
மின்கம்பியில் கொடி ஏற விடாதீர்கள்.
வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.
பெயர் தெரியாத கிழங்கைத் தின்னாதீர்கள்.
விஷம் என்று சந்தேகம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பயிற்சி

விடை சொல்லுங்கள்:

1. காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது என்ன?
2. சங்குப்பூ மண்ணுக்கு எப்படி உதவுகிறது?
3. தொட்டித் தட்டை ஏன் தேய்த்துக் கழுவ வேண்டும்?
4. மாமியார் ஏன் கிழங்கைப் பையில் எடுத்துக்கொண்டு போனார்?

கணக்குப் போடுங்கள்:

1. ஒரு வாளிக்கு 2 சட்டி செம்மண், 1 சட்டி மணல், 1 சட்டி எரு வேண்டும். 5 வாளிக்கு ஒவ்வொன்றும் எத்தனை சட்டி வேண்டும்?
2. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். 3 லிட்டருக்கு எத்தனை மில்லி?
3. ஜூன் மாதம் பதியம் போட்டால் நான்கு மாதம் கழித்து எந்த மாதம் எடுத்து நடலாம்?

எழுதிப் பாருங்கள்:

உங்கள் வீட்டைச் சுற்றியும் தெருவிலும் இருக்கும் கொடிகளின் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாத கொடி இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். விஷமுள்ள கொடியின் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். அந்தப் பட்டியலை வீட்டில் உள்ள எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.